முதுகு ஆபரேஷனுக்கு லீவு: ஷார்ட் டெர்ம் டிசபிலிட்டியும் எஃப்எம்எல்ஏவும் ஒன்றா? (டெக்சஸ், எச்-1பி)

கோவைக்காரன்_இர்விங்:

அனைவருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன், எச்-1பி (கம்பெனி மூலம் வரும் வேலை விசா), இப்போதைய கம்பெனியில் பதினோராவது மாதம் ஓடுகிறது. கீழ் முதுகில் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இடது கால் மரத்துப் போகிறது. பிசியோதெரபி, முதுகில் ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இனி மைக்ரோடிஸ்கெக்டமிதான் (பிதுங்கிய டிஸ்க் பகுதியை வெட்டி எடுக்கும் சிறு ஆபரேஷன்) என்கிறார் சர்ஜன், அதற்கு அப்புறம் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வு. தேதி இரண்டு வாரத்தில்.

எச்.ஆரிடம் சொன்னதும் இரண்டு தனித்தனி பேப்பர் வந்தது. ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனியின் ஷார்ட் டெர்ம் டிசபிலிட்டி ஃபார்ம், அதாவது உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி தரும் காப்பீடு. இன்னொன்று எஃப்எம்எல்ஏ (அமெரிக்காவின் குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம்) பற்றியது, அதில் எனக்குத் தகுதி இல்லை என்று டிக் அடித்திருக்கிறார்கள். அப்படியானால் லீவே கிடையாதா? 60 சதவீதச் சம்பளம் என்கிறார்களே, அது முதல் நாளிலிருந்தா? மனைவி எச்-4 (என் விசாவைச் சார்ந்த விசா), வேலைக்குப் போகவில்லை, வாடகையும் கார் தவணையும் என் சம்பளத்தில்தான். இந்தக் கம்பெனியில் சேருவதற்கு முன்பே ஒருமுறை முதுகு வலிக்காகக் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர்) போயிருக்கிறேன், அதைக் காட்டி மறுத்துவிடுவார்களா? ஓய்வு நாட்களில் கோவைக்குப் போய் அம்மாவிடம் இருந்துவிட்டு வரலாமா? சம்பளம் வராத மாதங்களால் விசாவுக்குச் சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராரிடன்_கரை:

தம்பி, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நியூஜெர்சியில் ஒரு கம்பெனியில் பெனிஃபிட்ஸ் பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன், தினமும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன்.

இரண்டும் வேறு வேறு. ஷார்ட் டெர்ம் டிசபிலிட்டி பணம் தரும், வேலையைக் காப்பாற்றாது. எஃப்எம்எல்ஏ வேலையைக் காப்பாற்றும், ஒரு டாலர் தராது. எஃப்எம்எல்ஏ 1993-ல் வந்த மத்தியச் சட்டம், வருஷத்துக்கு 12 வாரம் லீவு எடுத்துவிட்டுத் திரும்பினால் அதே வேலையோ அதற்குச் சமமான வேலையோ கொடுத்தாக வேண்டும், லீவு நாட்களில் ஹெல்த் இன்சூரன்ஸையும் நிறுத்தக் கூடாது, உங்கள் பங்கு பிரீமியத்தை மட்டும் நீங்கள் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் அந்த முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் நிஜமாக உழைத்திருக்க வேண்டும், உங்கள் அலுவலகத்தைச் சுற்றி 75 மைலுக்குள் அந்தக் கம்பெனிக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். உங்களுக்கு மாதம்தான் இடிக்கிறது, அதனால்தான் அந்த டிக்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி கொடுக்கும் வேறு லீவில் இருக்கும்போதே உங்கள் 12 மாதம் நிறைந்தால், அந்தத் தேதியிலிருந்து மிச்ச லீவு எஃப்எம்எல்ஏ ஆகிவிடும். முழுநேர வேலை என்றால் 1,250 மணி நேரத்தை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். எனவே எச்.ஆருக்கு இப்போதே எழுத்தில் கேளுங்கள்: இன்ன தேதியில் எனக்கு 12 மாதம் முடிகிறது, அன்றிலிருந்து எஃப்எம்எல்ஏ கொடுப்பீர்களா என்று. அதற்கு முந்தைய வாரங்களுக்கு மெடிக்கல் லீவு வேண்டும் என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனிக்கு ஏடிஏ சட்டமும் (உடல் குறை உள்ளவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம்) பொருந்தும், அதன்படி குறிப்பிட்ட காலத்துக்கான மருத்துவ லீவைக்கூட ஒரு வசதியாகக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். டெக்சஸில் மாநில டிசபிலிட்டித் திட்டம் கிடையாது. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட், ஹவாய், அப்புறம் போர்ட்டோ ரிக்கோ, இங்கேதான் வெகுகாலமாகக் கட்டாயம். ரோட் ஐலண்ட் 1942-லேயே தொடங்கிவிட்டது. எங்கள் மாநிலத்தில் சம்பளத்தில் 85 சதவீதம், 2025 உச்சவரம்பு வாரத்துக்கு 1,081 டாலர், 26 வாரம் வரை. ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் பாதிச் சம்பளம், அதுவும் வாரத்துக்கு 170 டாலருக்கு மேல் போகாது என்று பல வருஷமாக வைத்திருந்தார்கள், அந்தத் தொகையில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று எனக்கு இன்றும் கோபம் வரும். கம்பெனியின் தலைமையகம் கலிபோர்னியாவில் இருந்தாலும் நீங்கள் இர்விங்கில் உட்கார்ந்து வேலை செய்தால் டெக்சஸ் கணக்குதான்.

ஆக உங்களுக்கு இருப்பது கம்பெனியின் குரூப் பாலிசி மட்டும். பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மேலே ஒரு வாரச் சீலிங், 13 அல்லது 26 வாரம் வரை. முதல் நாளிலிருந்து வராது. காத்திருப்புக் காலம் என்று 7 நாளோ 14 நாளோ இருக்கும், அந்த நாட்களுக்கு உங்கள் பிடிஓவைத்தான் (சம்பளத்தோடு எடுக்கும் சொந்த லீவு நாட்கள்) பயன்படுத்த வேண்டும். வாரம் 2,000 டாலர் சம்பளம், 14 நாள் காத்திருப்பு, எட்டு வாரம் லீவு என்று வைத்துக்கொண்டால், ஆறு வாரத்துக்கு 1,200 வீதம் 7,200 டாலர். வழக்கமாக வரும் 16,000 எங்கே, இது எங்கே. வாடகைக்கு இப்போதே திட்டம் போடுங்கள்.

பழைய வலி பற்றி: பல குரூப் ஷார்ட் டெர்ம் பாலிசிகளில் பழைய நோய்க்குப் பணம் இல்லை என்ற விதியே இருக்காது. இருந்தால் 3/12 என்று இருக்கும், அதாவது கவரேஜ் தொடங்குவதற்கு முந்தைய 3 மாதத்தில் அதே நோய்க்கு வைத்தியம் பார்த்திருந்து, கவரேஜ் தொடங்கி 12 மாதத்துக்குள் லீவு எடுத்தால் பணம் இல்லை. கைரோபிராக்டரிடம் போன தேதியைத் தேடி எடுங்கள். எச்.ஆரிடம் பாலிசிப் புத்தகத்தை முழுதாகக் கேளுங்கள், ஒரு பக்கச் சுருக்கம் போதாது.

ஃப்ரீமான்ட்_செந்தில்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஐடி ஆட்கள் மாட்டுகிறோம்.

நோயின் பெயரைப் பார்த்து இன்சூரன்ஸ்காரன் பணம் தருவதில்லை. அந்த நோயால் உங்கள் வேலையில் எதைச் செய்ய முடியவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்க்கிறான். நமக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு ஆபரேஷன் என்றால் கேள்வியே இல்லை, நம்மைப் பார்த்து ‘வீட்டிலிருந்தே லேப்டாப்பில் செய்யலாமே’ என்பான். எனக்கு அப்படித்தான் நடந்தது. டாக்டர் ஃபார்மில் ஆபரேஷன் பெயரையும் ‘ஆறு வாரம் ஓய்வு’ என்பதையும் மட்டும் எழுதி அனுப்பினார், இரண்டாவது வாரத்தோடு பணத்தை நிறுத்திவிட்டார்கள், கடிதத்தில் காரணம் என்று போட்டிருந்தது மருத்துவச் சான்று போதவில்லை என்று.

அதற்கு அப்புறம் அப்பீல் செய்தேன். கம்பெனி மூலம் வரும் பாலிசிக்குப் பெரும்பாலும் ஈரிசா சட்டம் (ஊழியர் சலுகைத் திட்டங்களுக்கான மத்தியச் சட்டம்) பொருந்தும். மறுத்தால் அப்பீலுக்கு 180 நாள் இருக்கிறது, என் கிளெயிம் ஃபைல் முழுவதையும் இலவசமாகக் கொடு என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது. அந்த ஃபைலை வாங்கிப் பார்த்தால்தான் அவர்கள் எந்த வரியைப் பிடித்துக்கொண்டு மறுத்தார்கள் என்று தெரியும். பின்னால் கோர்ட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் அந்த ஃபைலில் இருப்பதைத்தான் நீதிபதி பார்ப்பார், அதனால் எம்ஆர்ஐ, பிசியோ குறிப்பு, மாத்திரை விவரம் எல்லாவற்றையும் அப்பீலோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும்.

இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் கடைசியாக சர்ஜனைப் பார்க்கப் போகும்போதே டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கத்தைக் கையோடு கொண்டுபோய், தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடியும், எத்தனை பவுண்டு தூக்கலாம், குனியலாமா, கார் ஓட்டலாமா, வலி மாத்திரையால் தூக்கமும் மந்தமும் வந்து கவனம் சிதறுமா என்பதை எல்லாம் எண்களோடு எழுதச் சொல்லுங்கள். உங்கள் வேலையில் நாளுக்கு எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், ஆன்-கால் (எந்த நேரம் அழைத்தாலும் வேலையைக் கவனிக்க வேண்டிய முறை) உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அந்தப் பக்கத்தைப் பல ஆஸ்பத்திரிகளில் சர்ஜனின் அலுவலக ஊழியர்தான் நிரப்புகிறார், அவருக்கு உங்கள் வேலை பற்றி எதுவும் தெரியாது.

கோவைப் பயணம்: பாலிசியில் டாக்டரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பின்தொடர் அப்பாயின்ட்மென்டைத் தவறவிட்டால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். நாட்டை விட்டு வெளியே இருக்கும் காலத்துக்குப் பணம் இல்லை என்ற விதியும் சில பாலிசிகளில் உண்டு. அதை விட, புதிதாக வெட்டின முதுகோடு இருபது மணி நேரம் விமானத்தில் உட்காருவதா? அந்த டிக்கெட் காசில் அம்மாவை இங்கே வரவழைக்க முடியுமா பாருங்கள்.

ஸ்டாம்பிங்_சுதா:

விசா கேள்விக்கு நான் சொல்கிறேன், பிரசவ லீவில் எச்-1பியில் இருந்தவள் நான். வேலை இல்லை என்று கம்பெனியே சம்பளமில்லாமல் உட்கார வைத்தால்தான் தப்பு. உங்கள் உடல்நலக் காரணத்துக்காக நீங்களே கேட்டு எடுக்கும் லீவுக்கு முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது, அதனால் விசா ஸ்டேட்டஸ் போகாது, நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியராகத் தொடர்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த விசா எக்ஸ்டென்ஷனிலோ ஸ்டாம்பிங்கிலோ (பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்குவது) பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டுகளில், ஓட்டை தெரியும், கேட்பார்கள். லீவு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மருத்துவக் காரணம் என்று எச்.ஆர் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், இன்சூரன்ஸ் அனுப்பும் ஒவ்வொரு பேமெண்ட் ஸ்டேட்மெண்ட், டாக்டர் சான்று, மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் காலாவதியாகி இருந்தால் இந்த நேரத்தில் வெளிநாடு போகவே போகாதீர்கள், திரும்பி வருவது உங்கள் கையில் இருக்காது.

கோவைக்காரன்_இர்விங்:

எல்லாருக்கும் மிக்க நன்றி, மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். பாலிசிப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். 14 நாள் காத்திருப்பு, 60 சதவீதம், 13 வாரம், பிரீமியம் முழுவதும் கம்பெனி கட்டுகிறது. 3/12 விதியும் இருக்கிறது, ஆனால் கைரோபிராக்டரிடம் போனது இந்த வேலைக்கு வெகு முன்பு, அதனால் அது இடிக்காது. கோவைப் பயணத்தை விட்டுவிட்டேன், அம்மாவிடம் விசா இருக்கிறது, அவரே வருகிறார். 12 மாதத் தேதியைக் குறிப்பிட்டு எச்.ஆருக்கு மெயிலும் போட்டாயிற்று.

இன்னும் இரண்டு கேள்வி. இந்தப் பணத்துக்கு வரி உண்டா? ஆறாவது வாரத்திலிருந்து பாதி நாள் மட்டும் வேலை செய்யத் தொடங்கினால் மொத்தமாகப் பணத்தை நிறுத்திவிடுவார்களா?

ராரிடன்_கரை:

பிரீமியம் கம்பெனி கட்டினால் வரும் பணத்துக்கு வரி உண்டு. வரி பிடித்த பின் வரும் சம்பளத்திலிருந்து நீங்களே கட்டியிருந்தால் இல்லை. உங்களுக்கு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாகச் செக் அனுப்பினால் பெடரல் வருமான வரியைத் தானாகப் பிடிக்காது, டபிள்யூ-4எஸ் ஃபார்ம் கொடுத்தால்தான் பிடிக்கும். கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் வரி மொத்தமாக வந்து நிற்க வேண்டாம்.

பாதி நாள் வேலைக்குப் பகுதி டிசபிலிட்டி என்ற பிரிவு உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சம்பளத்தில் குறைந்த பகுதிக்கு ஏற்பக் கொடுப்பார்கள். டாக்டர் ‘நாளுக்கு 4 மணி நேரம்’ என்று எழுதித் தராமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். லீவு நாட்களில் ‘ஒரே ஒரு மெயில்தானே’ என்று மேனேஜர் கேட்பார், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள், அந்த லாகின் பதிவையே உங்களால் வேலை செய்ய முடியும் என்பதற்குச் சாட்சியாகக் காட்டலாம்.

புதுசு_பிளேனோ:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் டெக்சஸ்தான். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். எங்கள் கம்பெனியில் இந்த இன்சூரன்ஸை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. கர்ப்பமான பின் எடுக்கலாமா?

ராரிடன்_கரை:

அதற்கு முன்பே எடுங்கள் அம்மா. நாமே பிரீமியம் கட்டும் பாலிசிகளில் கர்ப்பமான பின் சேர்ந்தால் அந்தப் பிரசவத்துக்குப் பணம் வராமல் போக வாய்ப்பு அதிகம். பொதுவாகச் சுகப்பிரசவத்துக்கு 6 வாரம், சிசேரியனுக்கு 8 வாரம் என்று கணக்கு, அதிலும் காத்திருப்பு நாட்கள் கழியும். வேலையில் சேர்ந்தபோது வேண்டாம் என்று விட்டவர்களிடம் பின்னால் உடல்நலக் கேள்வித்தாள் கேட்பதும் உண்டு. வருகிற ஓப்பன் என்ரோல்மென்டில் (கம்பெனி இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரக் காலம்) கட்டாயம் டிக் அடியுங்கள், கவரேஜ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.