முகநூல் அழைப்பால் விக்கிப்பீடியாவுக்கு வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியபோது, அச்செய்தியை முகநூலில் பகிர்ந்து, "நீங்களும் எழுத வாருங்கள்" என்று அழைப்பு விடுத்தேன். வாழ்த்துகள் குவிந்தன, ஆனால் கணக்குத் தொடங்கித் தொகுக்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரையும் பார்த்துக் கேட்டால், வேறு யாராவது செய்வார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அதன்பிறகு கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். புதுக்கோட்டை வரலாற்றில் ஆர்வமுள்ளோர் கூடும் முகநூல் குழு ஒன்றில் கொடும்பாளூர் மூவர் கோயில், நார்த்தாமலை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு என்று நல்ல படங்கள் அடிக்கடி வரும். கட்டுரைக்குப் பொருந்தும் படத்தைக் கண்டால், எடுத்தவருக்கே உள்பெட்டியில் எழுதுவேன்: "ஐயா, தூணின் இந்தப் பக்கத்தைக் காட்டும் படம் விக்கிப்பீடியாவில் இல்லை. நீங்களே எடுத்தது என்றால், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றித் தருவீர்களா?" கட்டுரையின் இணைப்பையும் பதிவேற்றும் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்தே அனுப்புவேன். இப்படிக் கேட்டபோது பலர் மனமுவந்து தந்தார்கள். பெயரைக் குறிப்பிட்டு யாரும், வணிகத்துக்கும்கூட, அப்படத்தைப் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பின்னாளில் தம் படத்தை ஏதேனும் ஒரு நாட்காட்டியில் கண்டு மனம் வருந்துபவர் மறுபடியும் நம்மை நம்ப மாட்டார். வாட்சப்பில் சுற்றிவரும், எடுத்தவர் யாரென்றே தெரியாத படங்களை நான் கேட்பதே இல்லை.

உலக அளவில் 2016 முதல் நடக்கும் "ஒரு நூலகர், ஒரு மேற்கோள்" பரப்புரையும் இதே வழியில்தான் செல்கிறது. ஒவ்வொரு நூலகரும் விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு சான்றைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் வேண்டுகோள்.

*

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சக ஆசிரியை ஒருவர் வாட்சப்பில் அனுப்பிய இணைப்பின் வழியாகத்தான் விக்கிப்பீடியாவுக்கு வந்தேன். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் சேர்த்த பத்தி, சான்றில்லை என்று உடனே மீளமைக்கப்பட்டது, அதாவது நீக்கப்பட்டது. அத்துடன் விலகியிருப்பேன், ஆனால் அதை மீளமைத்தவரே என் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, எந்த வரிக்குச் சான்று வேண்டும், அச்சு நூலின் பக்க எண்ணை எப்படிக் குறிப்பது என்று பொறுமையாக விளக்கினார். மாவட்ட விவரச்சுவடியை (கெசட்டியரை) தேடியெடுத்து மறுபடியும் எழுதினேன், அது நிலைத்தது. சமூக ஊடகத்தில் எத்தனை அழகாக அழைத்தாலும், வந்தவரிடம் பேச ஓர் ஆள் இல்லையென்றால் அவர் தங்குவது அரிது என்பதே என் கருத்து.

இப்போது எங்கள் ஆசிரியர் குழுவில் அவ்வப்போது ஒரு கட்டுரையின் இணைப்பையும் அதில் சான்று தேவைப்படும் வரியையும் பகிர்கிறேன். பெரும்பாலோர் கைப்பேசியில்தான் தொகுக்கிறார்கள். அங்கே மேற்கோள் சேர்ப்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. கைப்பேசித் திரையில் அதைச் செய்துகாட்டும் தமிழ்க் காணொளி எவரிடமேனும் இருந்தால் இங்கே பகிர வேண்டுகிறேன்.