ஆயாவோட கிரிவலம்: எங்க குடும்பக் குழுவில்

குமரன்: ஆயா வேண்டுதலை இந்த வருஷமே முடிச்சாகணுமாம். சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. யார் யார் வர்றீங்க? வேன் சொல்லணும்

வேலூர் அத்தை: நானும் மாமாவும்

போளூர் சித்தி: 3 பேர் 🙏

பெரம்பூர் மாமா: 72 வயசு, சுகர் வேற. இந்த வெயில்லயா?

குமரன்: அவங்களேதான் கேக்குறாங்க மாமா

ஆரணி பெரியப்பா: எல்லாரும் முழுசாப் படிங்க. சுத்து 14 கிலோமீட்டர். ஆயா நடைக்கு மணிக்கு 3 கிலோமீட்டர்னு வச்சாலே கிட்டத்தட்ட 5 மணி நேரம். லிங்கம் லிங்கமா நின்னு கும்பிட்டா 6. பௌர்ணமிக் கூட்டத்துல இன்னும் இழுக்கும். தூரம் பெரிசில்ல, பாதமும் தண்ணியும்தான் ஆளைச் சாய்க்கும். பகல் பூரா காய்ஞ்ச தார் ரோடு பொழுது சாஞ்ச உடனே ஆறாது. சாயங்காலம் 6 மணிக்கு வெறுங்கால்ல இறங்கினா ஆதி அண்ணாமலை போறதுக்குள்ள கொப்புளம். விடியக்காலை 3 மணிதான் தரை குளுந்திருக்கிற நேரம். 9 மணிக்குள்ள கடைசி லிங்கமான ஈசானிய லிங்கம் தாண்டிடணும்.

போளூர் சித்தி: 3 மணிக்கா 😳

வேலூர் அத்தை: அண்ணன் சொல்றது சரி

ஆரணி பெரியப்பா: இன்னொண்ணு. பௌர்ணமிக்கு அந்த ரோட்ல வண்டி விட மாட்டாங்க. நடுவுல ஆயாவுக்கு முடியலன்னா தூக்கிட்டுத்தான் வரணும். சாதாரண நாள்னா கூப்பிட்ட இடத்துல ஆட்டோ. அதனால ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கலாம்ங்கிறேன்.

பெரம்பூர் மாமா: அதேதான் நானும் சொல்றேன்

குமரன்: ஆயா பௌர்ணமின்னுதான் வேண்டிக்கிட்டாங்களாம்

ரேவதி: பெரியப்பா, ஆயா வெறுங்கால்ல நடக்கவே கூடாது. சுகர் இருக்கிறவங்களுக்குப் பாதம் மரத்துப்போனா கல்லு குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அத்தை, இன்னிக்கே பாருங்க: ஆயாவைக் கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரலை மெதுவாத் தொட்டு எதுன்னு கேளுங்க. ரெண்டு இடம் தப்பினாலும் டாக்டர்கிட்ட காட்டணும். எப்படி இருந்தாலும் மெத்துனு இருக்கிற பழகின செருப்பு. புதுசு வேணாம். சன்னதியில மட்டும் கழட்டட்டும்.

வேலூர் அத்தை: செருப்பா? சாமி குத்தம்னு சொல்வாங்களே

ரேவதி: கால்ல புண்ணு வந்தா ஆற மாசக்கணக்காகும் அத்தை

பெரம்பூர் மாமா: 👍

ரேவதி: சுகர் மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல நடந்தா சுகர் இறங்கிடும். கிளம்புமுன்ன ரெண்டு இட்லி, கூட ஒரு வாழைப்பழம். கை நடுக்கம், குளிர் வேர்வை, பேச்சுக் குழறல் வந்தா 3 டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில கரைச்சுக் கொடுத்து 15 நிமிஷம் உக்கார வைக்கணும். மாத்திரையைக் குறைக்கிறது டாக்டர் சொன்னாத்தான், நாமளா இல்ல

போளூர் சித்தி: அப்ப நுங்கு வாங்கிட்டு வரவா? இங்க நல்லா வருது

வேலூர் அத்தை: இளசாப் பாத்து. போன வருஷம் வாங்கினது எல்லாம் கடுக்காய்

போளூர் சித்தி: அது நான் வாங்கலக்கா

வேலூர் அத்தை: யாருன்னு சொன்னேனா

ஆரணி பெரியப்பா: அந்தப் பேச்சு இங்க வேணாம். நுங்கு கட்டைவிரலால அழுத்தினா அமுங்கணும், உள்ள தண்ணி இருக்கணும். முத்தினது வயித்தைப் பிடிக்கும், அந்த ரோட்ல அது பெரிய தொல்லை. நடந்து முடிச்சப்புறம் சாப்பிடறதுதான் நல்லது. வழிக்கு மோர்: 1 கப் தயிருக்கு 4 கப் தண்ணி, அரை டீஸ்பூன் உப்பு, தட்டின இஞ்சி, கறிவேப்பிலை. தாகம் வரட்டும்னு காத்திருக்காம அரை மணிக்கு ஒரு டம்ளர். வெறும் தண்ணியாவே குடிச்சுட்டுப் போனா வேர்வையில போன உப்பு திரும்பாது, தலை சுத்தும். ஆயாவுக்குப் பிரஷர் மாத்திரை இருக்கு, உப்பு எவ்வளவுன்னு ரேவதி சொல்லட்டும்.

ரேவதி: அவங்களுக்கு உப்பைப் பாதியாக்குங்க. டாக்டர்கிட்டயும் கேக்குறேன்

குமரன்: சாப்பாடு?

போளூர் சித்தி: தயிர்சாதம்

ஆரணி பெரியப்பா: தயிர்சாதம் வெயில்ல புளிச்சிடும். குழைய வடிச்ச சோத்துல காய்ச்சி ஆறின பால் நிறைய விட்டு, தயிர் ஒரே ஸ்பூன். புளிசாதம்னா கவலையே இல்ல. திரும்பி வந்தப்புறம் கேழ்வரகு கூழும் சின்ன வெங்காயமும்.

பெரம்பூர் மாமா: கூழுன்னா நான் வரேன் 😀

வேலூர் அத்தை: இப்பவாவது வாயத் திறந்தியே

ஆரணி பெரியப்பா: இன்னும் 3 வாரம் இருக்கு. முதல் வாரம் தினமும் 3 கிலோமீட்டர், ரெண்டாவது வாரம் 5, மூணாவது வாரம் ஒரே ஒரு நாள் 8. கடைசி ரெண்டு நாள் ஓய்வு. வெறுங்கால்ல வர்றவங்க மண் தரையில முதல்ல 10 நிமிஷம், அப்புறம் கூட்டிக்கிட்டே போகணும், நேரா தாருக்குப் போகாதீங்க. தொடையிலயும் விரலிடுக்கிலயும் தேங்காய் எண்ணெய் தடவுங்க, உரசல் குறையும். கொப்புளம் வந்தா உடைக்காம மேல பிளாஸ்டர். ஆயாவும் நாளையில இருந்து காலையில 10 நிமிஷம், தெரு முனை வரைக்கும்.

போளூர் சித்தி: தங்குறது எங்க? மச்சான் வீடா?

வேலூர் அத்தை: 🤐

*வேலூர் அத்தை இந்த மெசேஜை நீக்கிவிட்டார்*

குமரன்: லாட்ஜ் பாக்குறேன்

ரேவதி: ஆயா விரல் பாத்தாச்சா அத்தை?

வேலூர் அத்தை: இடது கால்ல சுண்டுவிரல் தெரியலங்கிறாங்க. நடுவிரலும் சந்தேகமா சொல்றாங்க

ரேவதி: நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. நான் நேரம் வாங்கறேன்

பெரம்பூர் மாமா: அப்ப நடை வேணாமா?

ஆரணி பெரியப்பா: டாக்டர் பாக்கட்டும். செருப்போட முடிஞ்ச வரைக்கும் நடந்துட்டு, மீதி ஆட்டோவுல சுத்தலாம். அதுக்கும் பௌர்ணமி தாண்டணும்.

குமரன்: ஆயா ஒத்துக்கணுமே. வேன்காரர் எந்தத் தேதின்னு கேக்குறாரு

போளூர் சித்தி: மோருக்குத் தயிர் நான் கொண்டு வரேன்