இரு பண்பாடுகளுக்கு நடுவே வளரும் மாணவரின் பார்வை எப்படி உருவாகிறது?

கேள்வி (ஆசிரியை):
என் வகுப்பில் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி இருக்கிறாள். பெற்றோர் வேறொரு நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி. கட்டுரை எழுதச் சொன்னால், மற்றவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஒன்றை 'இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டுத்தான் தொடங்குவாள். ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை. அண்மையில் பெற்றோர் சந்திப்பின்போது என் சொற்களைத் தாயாருக்கு அவளே மொழிபெயர்த்தாள். "இவள் வகுப்பில் பேசுவதே இல்லை" என்று நான் கவலையோடு சொன்னதும், தாயாரின் முகம் மலர்ந்தது. எனக்கு நன்றியும் சொன்னார். அவள் மாற்றிச் சொல்லியிருப்பாளோ என்ற ஐயம் இன்னும் நீங்கவில்லை. இத்தகைய வளர்ப்பு ஒரு மாணவரின் பார்வையை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அவள் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆசிரியர் முன் அடக்கமாக இருப்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று கருதும் வீட்டில், நீங்கள் சொன்ன குறை பாராட்டாகத்தான் போய்ச் சேரும்; நடுவில் நின்ற சிறுமிக்கு மட்டுமே இரண்டு பொருளும் தெரிந்திருக்கும். ஒரே செய்தி ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் புகழாகவும் மாறுவதை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைக்கு, வழக்கங்கள் எல்லாம் மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டவைதாம் என்பது யாரும் கற்பிக்காமலே புரிந்துவிடுகிறது. அவளுடைய கட்டுரைகளில் நீங்கள் காண்பது அதைத்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. தந்தையின் பரிசோதனை முடிவை அவருக்கு விளக்க வேண்டியிருந்த நாளில், மருத்துவர் சொன்ன ஒரு சொல்லை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அப்போது எனக்கு வயது பதினொன்று.

மறுமொழி 2:
நண்பர் சொல்வதோடு பொருந்தும் ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. சீன, மேலைப் பண்பாடுகள் இரண்டிலும் பழகிய ஹாங்காங் மாணவர்களில் சிலருக்குச் சீனச் சின்னங்களையும் சிலருக்கு அமெரிக்கச் சின்னங்களையும் உளவியலாளர்கள் காட்டினார்கள். பிறகு, கூட்டத்துக்கு முன்னே தனித்து நீந்தும் மீனின் படத்தைக் கொடுத்து, அது ஏன் அப்படி நீந்துகிறது என்று கேட்டார்கள். சீனச் சின்னங்களைப் பார்த்தவர்களிடம், பின்னால் வரும் கூட்டமே அதற்குக் காரணம் என்று கருதும் போக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அமெரிக்கச் சின்னங்களைப் பார்த்தவர்கள் மீனின் சொந்த விருப்பத்தின் பக்கம் சாய்ந்தார்கள். இரு பார்வைகளும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன, சூழல் அவற்றில் ஒன்றை எழுப்புகிறது. உங்கள் மாணவி தாளில் ஒருத்தியாகவும் வகுப்பில் வேறொருத்தியாகவும் தோன்றுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 3:
இதை வெறும் வரமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிறந்த வீட்டுப் பண்பாட்டைப் பேணிக்கொண்டே புதிய சமூகத்திலும் கலந்து வாழ்பவர்கள் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள் என்று கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சமூகம் இடம் கொடுத்தால்தான் அது நடக்கும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். வீட்டில் 'நீ மாறிவிட்டாய்' என்றும் வெளியே 'நீ எங்களைச் சேர்ந்தவள் இல்லை' என்றும் கேட்டு வளரும் பிள்ளை, அகன்ற பார்வையைப் பெறுவதற்கு முன் மௌனத்தைத்தான் பழகிக்கொள்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடுத்த சந்திப்புக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யக் கேட்டிருக்கிறேன். அன்று அவள் தாயாரின் பக்கத்தில் மகளாக மட்டும் உட்கார்ந்திருக்கட்டும்.