பெரிய பீச் ரிசார்ட்ல எந்தப் பிளாக்ல ரூம் எடுக்குறது? ரெண்டரை வயசுப் பையன், முட்டி வலியோட மாமியார்

வாண்டுகளின் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் லீவுக்கு ஆறு நாள் ஒரு ஆல் இன்க்ளூசிவ் பீச் ரிசார்ட் போறோம், சாப்பாடு, ட்ரிங்க்ஸ், கிட்ஸ் கிளப், ராத்திரி ஷோ எல்லாம் ரூம் காசுலயே அடங்கிடும். இடம் ரொம்பப் பெருசு, மேப்ல பார்த்தா இந்த முனையிலருந்து அந்த முனைக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வருது. நாங்க அஞ்சு பேர், பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு ரெண்டரை, கூட என் மாமியார் வர்றாங்க, முட்டி வலி, சமதரையில மெதுவா நடப்பாங்க, படி மட்டும் ஏறவே முடியாது. ரெண்டு ரூம் எடுக்கணும்.

முதல் பிளாக் கடலுக்கு நேர் எதிர்ல, ஆனா மெயின் பஃபே 600 மீட்டர் தள்ளி. ரெண்டாவது நடுவுல, ஃபேமிலி பூல், பஃபே, ஷோ நடக்குற ஸ்டேஜ் எல்லாம் பக்கம். மூணாவது பின்னாடி தோட்டத்துப் பக்கம், அமைதி, காசும் கம்மி, ஆனா எல்லாத்துக்கும் தூரம், ரிசார்ட்டுக்குள்ள ஆளுங்களை ஏத்திட்டுப் போற பக்கி வண்டி வரும்னு சொல்றாங்க. இது போக கதவைத் திறந்தா நேரா பூல்ல இறங்குற மாதிரி கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் இருக்கு, பொண்ணு போட்டோ பார்த்ததுலருந்து அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீட்டுக்காரருக்கு கடல் தெரியணும். எனக்கு பையன் மத்தியானம் ரெண்டு மணி நேரம் நிம்மதியா தூங்கணும், அவன் தூங்கலைன்னா அன்னிக்கு சாயங்காலம் யாருக்கும் நல்லா இருக்காது. போனவங்க சொல்லுங்களேன், எதை எடுக்கலாம்?

உப்புக்காத்து:
முதல்ல அந்தப் பூல் ரூமை தயவுசெய்து மறந்துடுங்க. ரெண்டரை வயசுல தாழ்ப்பாள் திறக்கக் கத்துக்கிட்டிருப்பான், தண்ணின்னா பயம் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி தண்ணில மூழ்கி இறக்குற விகிதம் 1லருந்து 4 வயசுலதான் அதிகம், அதுவும் கத்தி, கைய ஆட்டிக் கூப்பிட்டு எல்லாம் நடக்காது, சத்தமே இல்லாம ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நீங்க பெட்டியைப் பிரிச்சு துணி எடுத்து வைக்கிற நேரம் போதும். அந்த ரூம் வாசல்ல லைஃப்கார்டும் இருக்க மாட்டார். பொண்ணு அழுதா அழட்டும், ரெண்டு நாள்ல மறந்துடுவா.

அடுத்தது நடை. 600 மீட்டர்ங்கறது நமக்கு எட்டு நிமிஷம், ரெண்டரை வயசுப் பிள்ளை ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு நடந்தா இருபது நிமிஷம். மூணு வேளை சாப்பாடுக்குப் போயிட்டு வந்தாலே ஆறு நடை, நடுவுல டயபர் மறந்தோம், தொப்பி மறந்தோம்னு இன்னும் ரெண்டு. எட்டு நடைன்னா 4.8 கிலோமீட்டர், தினமும், வெயில்ல, மாமியாரோட. நாங்க ஒரு தடவை இப்படித்தான் கடலைப் பார்த்து மயங்கி கடைசி பிளாக்ல எடுத்தோம், மூணாம் நாள் எங்க அம்மா எனக்கு ராத்திரி சாப்பாடே வேண்டாம்னு ரூம்லயே உக்காந்துட்டாங்க, எனக்கு மனசே கேக்கலை. உங்க கூட்டத்துல மெதுவா நடக்குறவங்க யாரோ, அவங்களுக்கு எது பக்கமோ அதை எடுங்க. நடு பிளாக்தான்.

மணல்வீடு:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடல் பக்கம் ரூம் இருந்தா பையன் உள்ள தூங்கும்போது நீங்க பால்கனியில உக்காந்து கீழ மணல்ல பொண்ணும் அப்பாவும் விளையாடுறதைப் பார்க்கலாம், அந்த ரெண்டு மணி நேரம் அடைஞ்சு கிடக்குற மாதிரி இருக்காது. எனக்கு அந்தப் பயணத்துல மனசுல நிக்கிறதே அந்த மத்தியானங்கள்தான். பீச் பக்கத்துலயே சின்ன சாப்பாட்டுக் கடை ஏதாவது உங்க பேக்கேஜ்ல சேர்த்தி இருக்கான்னு பாருங்க, இருந்தா மதியம் பஃபே வரைக்கும் நடக்கவே வேண்டாம்.

ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கடல் குளிக்கிற கடலான்னு விசாரிங்க. சில இடத்துல அலை அடிக்கிற அடியில பாதி நாள் கடல்ல இறங்கக் கூடாதுன்னு சிவப்புக் கொடிதான் பறக்கும், அப்போ எல்லாரும் பூலுக்குத்தான் வருவாங்க, பூல் உங்க பிளாக்ல இருக்காது. அப்புறம் ஓஷன் வியூவும் ஓஷன் ஃப்ரண்ட்டும் ஒண்ணு இல்ல. ஃப்ரண்ட்டுன்னா ரூமே கடலுக்கு நேர் எதிர்ல, வியூன்னா கடல் எங்கயோ தெரியும், பார்ஷியல் வியூன்னா பால்கனி ஓரத்துல கழுத்தை நீட்டிப் பார்க்கணும். வார்த்தையைப் பார்த்து ஏமாறாதீங்க.

பழைய ஃப்ரண்ட் ஆபீஸ்:
நான் நாலு வருஷம் ரிசார்ட் ரிசப்ஷன்ல வேலை பார்த்தவன், உள்பக்கம் எப்படி நடக்கும்னு சொல்றேன். நீங்க புக் பண்றது பெரும்பாலும் ரூம் வகையை மட்டும்தான், பிளாக்கை இல்ல. வகையின் பேர்லயே பிளாக் பேர் இல்லைன்னா, ரூம் நம்பர் போடுறது நீங்க வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடிதான் நடக்கும், அதனால ஒரு வாரம் முன்னாடி நேரா ரிசார்ட்டுக்கே மெயில் போடுங்க. பத்து ஆசை எழுதினா ஒண்ணும் நடக்காது, ரெண்டே ரெண்டு எழுதுங்க, காரணத்தோட. மாமியார் படி ஏற முடியாது, லிஃப்ட் இருக்குற பிளாக் வேணும்ங்கறது முதல்ல வரட்டும், உடம்பு சம்பந்தப்பட்ட காரணத்தை நாங்க எப்பவும் மேல வைப்போம்.

ரெண்டு ரூம்னா ரெண்டு புக்கிங்கையும் ஒண்ணா இணைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா ஆளுக்கொரு பிளாக்ல போட்டுடுவாங்க. கனெக்டிங் ரூம்னு கேளுங்க, அதுலதான் ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு இருக்கும், அட்ஜாயினிங்னா வெறும் பக்கத்து ரூம், ராத்திரி வராந்தா வழியாத்தான் போகணும். அது உறுதியா, இல்ல வெறும் வேண்டுகோளாங்கறதையும் எழுத்துல வாங்குங்க. ரூமுக்குள்ள போனதும் பெட்டியைப் பிரிக்காம முதல்ல சுத்திப் பாருங்க, பிடிக்கலைன்னா உடனே கீழ வந்து சொன்னா மாத்துறது சுலபம், குளிச்சு முடிச்சு படுக்கையைக் கலைச்சுட்டு வந்தா கஷ்டம். பக்கி வண்டியை நம்பி தோட்டத்துப் பிளாக் எடுக்காதீங்க, சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் ஒரே சமயத்துல வேணும், கூப்பிட்டா இருபது நிமிஷம் ஆகும்.

தூங்காத ராத்திரி:
நடு பிளாக் சரிதான், ஆனா ஸ்டேஜைப் பார்த்த ரூம் மட்டும் வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு யாரும் சொல்றதில்லை, பகல்ல காத்து கடல்லருந்து தரைக்கு அடிக்கும், ராத்திரி தரையிலருந்து கடலுக்குத் திரும்பும், அதனால ஸ்டேஜுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற ரூம்களுக்குத்தான் பாட்டுச் சத்தம் நல்லா வரும். நாங்க பட்டிருக்கோம். பூல் பக்கமும் பகல் பூரா மைக் வச்சு விளையாட்டு நடக்கும், பையன் தூங்குற நேரமும் அதுதான்.

வாண்டுகளின் அம்மா:
ரொம்ப நன்றி, எல்லார் பதிலையும் வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ரிசார்ட்டுக்கு மெயில் போட்டுக் கேட்டேன், நடு பிளாக்லயே ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த ரூம் இருக்காம், ஸ்டேஜும் பூலும் அந்தாண்டை, ஷோ பத்தரைக்கு முடிஞ்சிடுமாம், லிஃப்ட் உண்டு. கிட்ஸ் கிளப் 4 வயசுலருந்துதான், அதுக்குக் கீழன்னா நாம கூடவே இருக்கணும்னு சொல்லிட்டாங்க, அதனால பொண்ணை விட்டுட்டு வர்றது பக்கமா இருந்தாலே போதும். இப்போ கிரவுண்ட் ஃப்ளோரா, மேலயா?

உப்புக்காத்து:
மாமியாருக்கு கிரவுண்ட் ஃப்ளோர்னா லிஃப்ட் பழுதானாலும் கவலை இல்ல. ஆனா தோட்டத்துப் பக்கம் கீழ கொசு, எறும்பு, ஈர வாடை இருக்கலாம், வெளிக்கதவு நேரா பாதையில திறக்கும், பையன் ஓடிடுவான். மேலன்னா பால்கனி கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள்ள இருக்கான்னு பாருங்க, நாற்காலி, டேபிளை உள்ள இழுத்துப் போட்டுடுங்க, ஏறி நின்னுடுவான். என்னைக் கேட்டா கீழ, கதவுல அவனுக்கு எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் இருக்கணும்னு மெயில்ல கேட்டு வாங்கிட்டு.

பழைய ஃப்ரண்ட் ஆபீஸ்:
நானும் கீழதான் சொல்வேன். வராந்தா கடைசி ரூமா இல்லாம லாபிக்குப் பக்கமா கேளுங்க, வராந்தாவே நூறு மீட்டர் இருக்கும், அதை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க.

வாண்டுகளின் அம்மா:
கேட்டுட்டேன். கனெக்டிங், கிரவுண்ட் ஃப்ளோர், தோட்டத்துப் பக்கம், லாபிக்குக் கிட்ட. முதல் மூணு உறுதின்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, லாபி பக்கம் மட்டும் வந்தப்புறம் பார்க்கலாம்னு சொல்றாங்க. மிச்சமாகுற காசுல கடைசி ஒரு நாள் மட்டும் கடல் பிளாக்குக்கு மாறலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார், ஒரு நாளுக்காக ரெண்டு ரூம் சாமானையும் கட்டி நகர்த்துறது வேண்டாம், அதுக்குப் பதிலா காலையில சீக்கிரம் எந்திரிச்சு எல்லாரும் கடலுக்குப் போயிடலாம்னு சொல்லியிருக்கேன்.