ரஷ்யாவின் சிறு ஆலை ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிகல்யோவோவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரஷ்யாவில் ஏதோ ஒரு சிறு ஊரில் ஆலை வேலை கிடைத்திருக்கிறது, குளிர் தாங்குமா, அரிசி கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். குளிருக்கு நல்ல உடுப்பு போதும், அரிசி எந்த ஊர்க் கடையிலும் உண்டு. அந்த ஊர் எந்த ஆலையை நம்பி நிற்கிறது, அந்த ஆலை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரே தொழிலை நம்பிய ஊரை அங்கே மோனோகோரத் என்பார்கள். அரசுப் பட்டியலிலேயே 300க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கிழக்கே சுமார் 250 கி.மீ. தள்ளி இருக்கும் பிகல்யோவோவைச் சொல்கிறேன். மக்கள்தொகை 20,000 அளவுதான். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் 1930களில் சிமென்ட் ஆலை வந்தது, 1954இல் நகர அந்தஸ்து, 1959இல் அலுமினா (அலுமினியம் செய்யும் வெள்ளைத் தூள்) ஆலை.

சோவியத் பொறியாளர்கள் போட்ட திட்டம் அருமையானது. வடக்கே கோலா தீபகற்பத்தில் உரத்துக்காக அபடைட் தாது எடுக்கும்போது நெஃபலின் என்ற கனிமம் மிஞ்சும். அது ரயிலில் பிகல்யோவோவுக்கு வரும். சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்துச் சுட்டு அலுமினா எடுப்பார்கள், கூடவே சோடாவும் பொட்டாஷும் கிடைக்கும். மிஞ்சிய சேறு சிமென்ட் ஆலைக்குப் போகும். வீண் என்று எதுவும் கிடையாது.

சோவியத் ஒன்றியம் போன பிறகு, ஒன்றாக இயங்கிய ஆலை அலுமினா, சிமென்ட், சோடா-பொட்டாஷ் என்று மூன்று முதலாளிகளுக்குப் பிரிந்தது. ஒருவர் கழிவு இன்னொருவருக்கு மூலப்பொருள், ஆனால் விலையில் ஒத்துவரவில்லை. 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் அலுமினா ஆலை நின்றது, மற்ற இரண்டும் தொடர்ந்து நின்றன. ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் இல்லை. ஊருக்கே வெந்நீர் கொடுத்த அனல் நிலையமும் அலுமினா ஆலையுடையது. எரிவாயுக் கடன் கட்டாததால் 2009 மே மாதம் வெந்நீரும் நின்றது. ஜூன் 2ஆம் தேதி மக்கள் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். இரண்டு நாளில் அப்போதைய பிரதமர் புதின் நேரில் வந்து, அலுமினா ஆலை உரிமையாளர் ஒலெக் தெரிபாஸ்காவைத் தொலைக்காட்சி கேமரா முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார். 4 கோடி ரூபிளுக்கு மேல் நிலுவைச் சம்பளம் வந்து சேர்ந்தது. ஆலைகள் மறுபடி ஓடின.

ஆனால் எல்லா ஊருக்கும் பிரதமர் வரமாட்டார். உள்ளூர்க்காரருக்காவது சொந்த வீடும், உருளைக்கிழங்கு போட தாச்சா என்கிற தோட்ட நிலமும் இருக்கும். நமக்கு அது கிடையாது. விசாவில் போகிறவர்களின் வேலை அனுமதி, அழைத்த நிறுவனத்தோடும் அந்தப் பிராந்தியத்தோடும் கட்டப்பட்டது. ஆலை நின்றால் வேறு ஊருக்குப் போய்ச் சட்டென்று சேர்ந்துகொள்ள முடியாது.

அதனால் கிளம்புமுன் விசாரியுங்கள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, ஊரில் வேறு ஆலை உண்டா, சம்பளம் கடைசியாக எப்போது தாமதமானது? ஊர்ப் பெயரை ரஷ்ய எழுத்தில் போட்டு இணையத்தில் தேடினால் உள்ளூர்ச் செய்திகளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். திரும்பி வர டிக்கெட் காசைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருக்கும். நம்பகமான மொழிபெயர்ப்பு கையில் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம். உதவியாளர் வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள் ராணுவத்தில் சிக்கியதும், இந்திய அரசு 2024இல் எச்சரித்ததும் நினைவிருக்கட்டும். அப்புறம், போய் இறங்கியதும் 7 வேலை நாளுக்குள் தங்குமிடப் பதிவு முடிய வேண்டும். அதைப் பெரும்பாலும் நிறுவனம்தான் செய்யும், ஆனால் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கோடையில் சில நாட்கள் வெந்நீர் வராவிட்டால் மட்டும் பயப்படாதீர்கள், குழாய்ப் பராமரிப்புக்காக வருடா வருடம் நிறுத்துவார்கள்.