பேரினக்குறி, சிற்றினக்குறி: ஒரு சொல் விவாதம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பூச்சிகள் பரப்பும் ஒட்டுண்ணிகளை அவற்றின் டி.என்.ஏ.வைக் கொண்டு கண்டறிவது குறித்த கட்டுரைகளில், ‘மரபணுக் குறிப்பான்’ (ஓர் உயிரியை இனங்காண உதவும் டி.என்.ஏ. பகுதி) என்ற ஒரு சொல்லே எல்லா இடத்துக்கும் போதும் என்று ஐயா அவர்கள் சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேலத்தில் ஆய்வக நுட்புநர் மாணவர்களுக்குத் தமிழில் பாடம் சொல்கையில், இந்தச் சொல் எங்கே இடறுகிறது என்று பார்த்திருக்கிறேன்.

மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். 1993 முதல் வழக்கிலுள்ள இரண்டு கட்டப் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பலமடங்காகப் பெருக்கும்) முறையில் 18எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவே இலக்கு. முதற்கட்டப் பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகள்), மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் எதுவாயினும் அதன் துண்டைப் பெருக்கிக் கொடுக்கும். அந்த விளைபொருளை வைத்து நடத்தும் இரண்டாம் கட்டத்தில்தான், அதன் வகைகளுள் பால்சிபாரம் என்றால் 205 கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) நீளத்திலும், வைவாக்ஸ் என்றால் 120-லும் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை தெரியும். முன்னது ‘இருக்கிறதா’ என்பதற்கும், பின்னது ‘எது’ என்பதற்கும் விடை. ஒரு மாணவர் செய்முறைப் பதிவேட்டில் ‘குறிப்பான் தென்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தார். எந்தக் கட்டத்துப் பட்டை என்பதை அவரையே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கும் என்பதால் பிரைமாகுவின் மருந்தை 14 நாள் கொடுக்கிறார்கள். பால்சிபாரத்துக்கு மருந்துமுறையே வேறு. ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பேரினம் (பிளாஸ்மோடியம் போல), சிற்றினம் (அதனுள் வைவாக்ஸ் போல) என்ற சொற்கள் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளன. நிறங்காட்டி, திசைகாட்டி போலப் ‘பேரினங்காட்டி’, ‘சிற்றினங்காட்டி’ என்று பிரித்து வழங்கலாமே.

*

அம்மா அவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து வணக்கம்.

பகுப்பு மிகச் சரி, ‘காட்டி’தான் உறுத்துகிறது. திசைகாட்டி ஒரு கருவி. சிற்றினங்காட்டி என்றால் அதையும் ஏதோ இயந்திரம் என்றே வாசகர் நினைப்பார். இங்கே காப்பி மூட்டையின் மேல் தோட்டத்துக்கென மையால் இடுவதைக் ‘குறி’ என்றுதான் சொல்கிறோம். ‘பேரினக்குறி’, ‘சிற்றினக்குறி’ என்றால் போதாதா?

இன்னொன்று, ‘மரபணு’ என்ற முன்னொட்டும் எல்லா இடத்திலும் பொருந்தாது. யானைக்கால் நோய்ப் புழுக்களுள் ஒன்றான புரூகியா மலாயியைக் கண்டறியப் பயன்படுவது, அதன் டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான முறை அடுக்கி வரும் 322 கார இணைத் தொடர். அது மரபணுவே அன்று. பொதுச்சொல்லாக ‘மரபுக்குறி’ என்பதே தகும்.

*

ஐயா, ‘குறி’ தனித்து நின்றால் வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். கூட்டுச்சொல்லாக மட்டும் ஆள்வதென்றால் மூன்றையும் ஏற்கிறேன். அடுத்த செய்முறைத் தாளில் 205, 120 ஆகிய எண்களுக்கு எதிரே ‘சிற்றினக்குறி’ என்றே அச்சிடுகிறேன்.