குடும்பக் குழு: அண்ணனின் பிக்கப்புக்கு என்ன மாட்டலாம்?

அண்ணன்: வண்டி ஓரளவு கைக்குப் பழகிவிட்டது. இனி மாட்ட வேண்டியதை மாட்டலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். முன்பக்கம் தூக்க லெவலிங் கிட், பெரிய டயர், கூடுதல் வெளிச்சத்துக்கு லைட் பார், இரும்பு பம்பர், பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்குக் கூரை மாதிரி மூடும் கனோப்பி. எதை முதலில் செய்யலாம்?

அண்ணி: முதலில் பின்சீட்டில் ஒரு நாள் நீங்கள் உட்கார்ந்து வாருங்கள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

மாமா: பிக்கப் என்றால் அப்படித்தான் அம்மா. பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் அடங்கிவிடும்.

சித்தப்பா: மச்சான் சொல்வது பாதி சரி. பின்னால் இருப்பது பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், சுமைக்காகவே வைத்தது. காலியாகப் போனால் குதிக்கத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு குதிக்காதே. டயரில் எவ்வளவு காற்று?

அண்ணன்: நாலுக்கும் 40 பிஎஸ்ஐ.

சித்தப்பா: ஓட்டுநர் கதவைத் திற. தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், படம் எடுத்துப் போடு.

அண்ணன்: 📷

சித்தப்பா: பார், இரண்டு வரி இருக்கிறது. ஆள் மட்டும் போனால் 30. முழுச் சுமை என்றால்தான் பின்டயருக்கு 40. நீ காலி வண்டிக்குச் சுமைக் காற்று வைத்து ஓட்டுகிறாய். காலையில் டயர் சூடாகும் முன்பு குறைத்துவிடு.

அண்ணி: 🙏🙏 சித்தப்பா வாழ்க

நான்: அப்போ சாமான் ஏற்றும் நாளில்?

சித்தப்பா: மறுபடி ஏற்ற வேண்டும். அதனால்தான் பிக்கப் வைத்திருப்பவன் முதலில் வாங்க வேண்டியது 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கம்ப்ரசர், லைட் பார் இல்லை. கூடவே காற்று பார்க்கும் கேஜ் ஒன்று.

அண்ணன்: லைட் பார் மேல் உங்களுக்கு என்ன கோபம் 😄

அக்கா: தம்பி, லைட் பாரை விடு. பம்பர், கனோப்பி இரண்டையும் சொல்கிறேன். உன் வண்டியின் சுமைத்திறன் எவ்வளவு?

அண்ணன்: 700 கிலோ.

அக்கா: அது பின்னால் சாமான் ஏற்றும் பெட்டுக்கு மட்டும் என்று நினைத்திருப்பாய். வண்டிக்குள் ஏறும் ஆட்களும் அந்தக் கணக்கில்தான். ஐந்து பெரியவர்கள் ஏறினால் 350 போச்சு. இரும்பு பம்பர் 50, கனோப்பி 60 என்று வை. மீதி 240. இதற்குப் பிறகு சிமெண்ட் மூட்டை எத்தனை ஏற்றுவாய் என்று நீயே கணக்குப் போடு.

நான்: நாலு மூட்டை 😳

மாமா: ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டால் தாங்குமே?

அக்கா: பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான் மாமா. அச்சு, பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையதுதானே. கம்பெனி எழுதிய மொத்த எடை வரம்பு ஸ்பிரிங் மாற்றியதால் ஏறிவிடாது. ஸ்பிரிங் பலமானால் பிரேக்கும் பலமாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்: சரி, லெவலிங் கிட்? முன்பக்கம் தாழ்ந்து மூக்கு குத்தியது போல் நிற்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தப்பா: அது குறை இல்லை. சுமை ஏறினால் பின்பக்கம் இறங்கும், அப்போது வண்டி சமமாக நிற்கட்டும் என்றுதான் காலியாக இருக்கும்போது பின்னால் உயர்த்தி வைக்கிறார்கள். நீ முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுச் சுமையும் ஏற்றினால் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதே. முன் ஆக்சில் ஜாயிண்ட் வேறு கூடுதல் கோணத்தில் சுழலும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

மாமா: டயரையாவது பெரிதாகப் போடட்டும். பிள்ளை ஆசைப்படுகிறான்.

நான்: இப்போது இருப்பது 265/65 ஆர்17. அண்ணன் கேட்பது 265/70 ஆர்17. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயர் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகிறது. அதில் பாதிதான் வண்டியை உயர்த்தும். கிடைப்பது 13 மில்லிமீட்டர்.

அண்ணி: 13 மில்லிமீட்டருக்கா இத்தனை நாளாக ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறார்?

அண்ணன்: 😶

நான்: இன்னொன்று. மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு ஓடியதைவிட 3.4 சதவீதம் வேகமாக ஓடும்.

அக்கா: வேகத்தைச் சமாளிக்கலாம், மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் அதன் மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரசுகிறதா என்று பார். முக்கியமாக ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்க வேண்டும். ஐந்து டயர் செலவு.

மாமா: நான் ஒரு யோசனை சொல்கிறேன், காசே ஆகாது. நெடுஞ்சாலையில் பெட்டின் பின்கதவை, அதுதான் டெயில்கேட்டை, திறந்து விட்டு ஓட்டு. காற்று நேராகப் போய்விடும், டீசல் மிச்சம்.

சித்தப்பா: மச்சான், வேண்டாம். மூடியிருந்தால் பெட்டுக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிக்கொண்டு போகும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்து இழுப்பு கூடத்தான் செய்யும். நம்பர் பிளேட்டும் மறையும். பெட்டில் கிடப்பது ரோட்டில் கிடக்கும்.

மாமா: எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். சரி விடு.

அண்ணன்: ஆக நான் எதுவுமே செய்யக் கூடாது. அப்படித்தானே?

அக்கா: அய்யோ, கோபித்துக்கொள்ளாதே. டெயில்கேட்டுக்கு ஒரு ஸ்ட்ரட், அதாவது தாங்கிப் பிடிக்கும் கம்பி போடு. ஏற்கெனவே இருக்கிற போல்ட்டிலேயே மாட்டும் வகை கிடைக்கிறது, துளை போட வேண்டாம். இப்போது கைப்பிடியை இழுத்தால் தடாரென்று விழுகிறதே, அது மெதுவாக இறங்கி நிற்கும். ஒரு கையில் சாமான் வைத்துக்கொண்டு மறு கையால் திறக்கலாம். என் வண்டியில் செய்ததிலேயே தினமும் பயன்படுவது இதுதான்.

அக்கா: அப்புறம் டெயில்கேட் ஓரத்துக்கு ரப்பர் சீல். கனோப்பியோ கவரோ போட்டாலும் தூசி உள்ளே வருவது பெரும்பாலும் அந்த இடுக்கு வழியாகத்தான்.

நான்: பெட்டின் உள்பக்கத்தைக் காக்கும் பெட் லைனர்?

சித்தப்பா: அப்படியே தூக்கி வைக்கிற பிளாஸ்டிக் லைனர் எனக்குப் பிடிக்காது. வழவழவென்று இருக்கும், பெட்டி இங்கும் அங்கும் ஓடும். அடியில் மணலும் தண்ணீரும் சேர்ந்தால் வண்டி ஆடும்போதெல்லாம் பெயிண்ட்டை அரைக்கும். துரு மேலே தெரியாது. ஸ்பிரே லைனர் நல்லது, இல்லையென்றால் தடித்த ரப்பர் மேட் போதும். மேட்டை அவ்வப்போது தூக்கிக் கழுவு.

அண்ணி: குழந்தைகள் ஏறச் சைடு ஸ்டெப் வேண்டும். அதை யாரும் பேசவே இல்லை. சீட் கவரும் வேண்டும்.

அக்கா: ஸ்டெப் கண்டிப்பாக வேண்டும் அண்ணி. சீட் கவர் வாங்கும்போது முன்சீட்டுப் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவராக வாங்குங்கள். சாதாரணக் கவர் ஏர்பேக்கை விரிய விடாது.

அண்ணன்: சரி. ஸ்டெப், ஸ்ட்ரட், மேட், கம்ப்ரசர். லைட் பார் மட்டும் சின்னதாக ஒன்று…

சித்தப்பா: போடு. ரிலே வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்துப் போடு. வேறு வண்டி இருக்கும் ரோட்டில் எரிய விடாதே.

மாமா: நல்லது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பீரோவை மாற்ற வேண்டும். வண்டி வருமா?

அண்ணி: கேட்டுவிட்டார் 😂

அண்ணன்: வருகிறேன் மாமா. கயிறு வைத்திருக்கிறீர்களா?

அக்கா: கயிறு வேண்டாம், பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை, என் ராட்செட் ஸ்ட்ராப் இரண்டையும் எடுத்துப் போ. பீரோவைப் பெட்டின் முன்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்துக் கட்டு. கதவும் இழுப்பறையும் திறக்காமல் பூட்டிவிடு. ஸ்ட்ராப்பை மாட்டும்போது ஒரு முறுக்கு முறுக்கி மாட்டு, தட்டையாக விட்டால் காற்றில் வழி முழுக்க ஊளையிடும்.